வாசகசாலைக்கு ஒரு வலைப்பதிவு: எந்தத் தளம், எந்த முகம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று கைபேசிகளைப் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்தோம். மூன்றிலும் ஒரே கட்டுரைதான்: எங்கள் ஊர் ஆத்தா ஒருவர் சொல்ல நாங்கள் எழுதிய, அவர் தோட்டத்துக் கிணற்றின் கதை. உடுப்பு மட்டும் வேறு வேறு. முதல் கைபேசியில் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மேலே திரை நிறையத் தென்னந்தோப்புப் படம். இரண்டாவதில் ஒடுங்கிப்போன கட்டுரை. அதன் இருபுறமும் நாள்காட்டி, வருகையாளர் எண்ணிக்கை, பழைய பதிவுகளின் பட்டியல் என்று பட்டைகள். மூன்றாவதில் வெள்ளைத் தாளில் அச்சடித்தது போல மேலிருந்து கீழாகக் கட்டுரை மட்டும். கதை சொன்ன ஆத்தாவையே வரச்சொல்லி, எது படிக்க வாகாக இருக்கிறது என்று கேட்டோம்.

முதலாவதைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போனார். வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. “இதில் என் முகந்தான் தெரிகிறது, கண்ணு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதில் விரல் நாள்காட்டியில் பட்டு வேறு ஏதோ மாதத்துக்குப் போய்விட்டது. திரும்பி வர வழி தெரியாமல் என்னைப் பார்த்தார். மூன்றாவதை வாய்விட்டே நான்கைந்து வரி படித்தார். பிறகு நிறுத்தி, “மணலை இப்படியா எழுதுவீர்கள்?” என்றார். நாங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தோம். எழுத்து சிறியதாக இருந்ததால் மூன்று சுழி ‘ண’ அவர் கண்ணுக்கு இரண்டு சுழி ‘ன’வாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மாலைவரை எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதும் எந்த வார்ப்புரு (பக்கத்துக்குத் தளம் தரும் ஆயத்த உடுப்பு) அழகு என்பதைப் பற்றியே இருந்தது. அதன் பிறகு, ஆத்தா கடைசி வரிவரை தடங்கல் இல்லாமல் படிக்க எது உதவும் என்று பார்க்கத் தொடங்கினோம். பார்த்ததையும் எடைபோட்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலவே ஆரியங்காவிலோ பீர்மேட்டிலோ நகரிப் பக்கமோ தமிழில் ஊர்க்கதைகளைப் பதிய நினைப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் எங்கள் தேவை. கொழிஞ்சாம்பாறை இருக்கும் இந்தச் சித்தூர் வட்டம் முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தபோது மாநிலத்தின் கிழக்கு விளிம்பாகிவிட்டது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டு மொழி தமிழ். ஆழியாற்றுத் தண்ணீர், கள் இறக்கும் தென்னை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பொள்ளாச்சிச் சந்தை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர்கள் சொல்வதைப் பதிய வேண்டும். அவர்களே படித்துச் சரிபார்க்கவும் முடிய வேண்டும். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் படிக்க வேண்டும். மலையாள வழியில் படித்துத் தமிழ் பேச மட்டும் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்கும் அதில் ஏதாவது இருக்க வேண்டும். நாங்களோ நான்கு பேர். தட்டச்சு தெரியும், கணினி நிரல் தெரியாது.

தளத்தைத் தேர்வதில் எங்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வாசகசாலை இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு ஒரு வலைப்பதிவை உருவாக்கிக் கொடுத்தார். வாடகைச் சர்வரில் (இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினியில்) வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை நிறுவி, அழகாகத்தான் செய்திருந்தார். பிறகு அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்ன கடிதங்கள் அவர் பயன்படுத்தாமல் விட்ட மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கவனித்தபோது அந்த நிறுவனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். பழைய வலைப்பக்கங்களின் நகல்களைச் சேர்த்துவைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் தேடி ஐந்தை மட்டும் மீட்டோம். மீதியைச் சொன்னவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. எனவே இந்த முறை எங்கள் முதல் கேள்வி, இதைக் கவனிப்பவர் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதாக இருந்தது.

பிளாகர் 1999இல் தொடங்கிய வலைப்பதிவுச் சேவை; 2003இல் கூகுள் அதை வாங்கியது. காசு கேட்பதில்லை, சர்வரைப் புதுப்பிக்கும் வேலை இல்லை. ஒரு வலைப்பதிவுக்கு இரண்டு மூன்று பேரை நிர்வாகிகளாக வைக்கலாம். சொந்த இணைய முகவரி (டொமைன்) வாங்கி இணைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் வார்ப்புருக்கள் குறைவு, அதை மேம்படுத்துவதில் உரிமையாளருக்கு முன்பிருந்த அக்கறை இப்போது தெரியவில்லை. ஒருநாள் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது ஏராளமானோரின் பக்கங்கள் போயின. கூகுளே 2013இல் பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய ரீடரையும் 2019இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தையும் மூடியது.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். அதில் இரண்டு வழிகள் இருப்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, வேர்ட்பிரஸ்.காம் தளத்திலேயே கணக்குத் தொடங்குவது: இலவசத் திட்டத்தில் விளம்பரங்கள் வரும், சொந்த முகவரி வைக்க முடியாது. மற்றொன்று, மென்பொருளை எடுத்து வாடகைச் சர்வரில் நாமே நிறுவுவது. இரண்டாவதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்; சுதந்திரம் அதிகம். ஆனால் மென்பொருளையும் அதில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் செருகுநிரல்களையும் இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். ஆண்டு வாடகையும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பராமரிக்க நிச்சயமான ஒருவர் இருந்தால் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது வழி, ஹியூகோ போன்ற கருவியால் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே உருவாக்கி, கிட்ஹப் போன்ற, கோப்புகளை வைத்துக்கொள்ளும் இணையத் தளத்தில் இலவசமாக வைப்பது. கட்டுரைகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்கும். தரவுத்தளம் இல்லை, பக்கம் சட்டென்று திறக்கும், எங்கே வேண்டுமானாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் எங்கள் நால்வரில் மூவருக்கு இதில் ஒரு பிழையைத் திருத்தவே வழி தெரியாது. பழைய கதை மறுபடி நடக்கும்.

பிளாகரைத் தேர்ந்தோம். கூடவே மூன்று ஏற்பாடுகள் செய்தோம். நிர்வாகிகள் மூவர், அதில் ஒன்று வாசகசாலைக்கென்றே தொடங்கிய கணக்கு, அதன் கடவுச்சொல் பதிவேட்டில் எழுதி அலமாரியில் இருக்கிறது. முகவரியைச் சொந்தமாக வாங்குகிறோம். பின்னால் தளம் மாறினாலும் வாசகருக்கு முகவரி மாறாது. அதன் ஆண்டுக் கட்டணம், வாங்கும் செய்தித்தாள் கட்டணத்தோடு சேர்ந்து வரவுசெலவுக் கணக்கில் ஏறுகிறது, இனி யாருடைய சொந்த மின்னஞ்சலையும் நம்பி இல்லை. மூன்றாவதாக, மாதம் ஒருமுறை பதிவுகளின் நகலை இறக்கிக்கொள்கிறோம். பிளாகர் தரும் நகலில் எழுத்து மட்டுமே கோப்பாக வரும், படங்கள் வராது; ஆகவே படங்களைத் தனியே ஒரு வன்தட்டில் சேமிக்கிறோம்.

முகவரியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தமிழில் எழுதும் எல்லோரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழாக இருந்தால், பதிவின் முகவரியில் தலைப்பு வராது; எல்லாப் பதிவுக்கும் ஒரே பொதுப்பெயரும் ஓர் எண்ணும்தான் வரும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் போகும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வோர் எழுத்தும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக உடைந்து பாம்புபோல் நீளலாம். அதோடு அங்கே இருநூறு குறிகள் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது குறிகள் செலவாவதால் இருபத்திரண்டு தமிழ்க் குறிகளிலேயே பெயர் பாதியில் அறுந்துவிடும். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். வெளியிடுவதற்கு முன்பே, ‘கிணறு’, ‘சந்தை’ என்று ஒற்றைச் சொல்லை ரோமன் எழுத்தில் முகவரியாகக் கொடுத்துவிட வேண்டும். வலைப்பதிவின் பெயரிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. ‘சித்தூர்’ என்று மட்டும் வைத்தால் தேடுபவர் ஆந்திரத்துச் சித்தூருக்குப் போய்விடுவார். ஆகையால் பெயருக்குக் கீழேயே ‘பாலக்காடு மாவட்டம்’ என்று போட்டோம்.

இனி எழுத்து. இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம், அது வீணாகவில்லை.

வாசகசாலையின் பழைய விழா மலரிலிருந்து சில கட்டுரைகளை எடுத்துப் போட நினைத்தோம். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியல்; புள்ளி வைத்த மெய் வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். தமிழ் எழுத்துக்கு எல்லாக் கருவியிலும் தனி இடம் தரும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்றது. புதிதாக எழுதுவதற்கு இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை, ஒருங்குறி மட்டுமே. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றும் கருவியால் மாற்றிவிட்டு, ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்ப்பது அவசியம்.

எழுத்துருவில் மூன்று வகையைப் பார்த்தோம். கைபேசியிலேயே இருப்பதைப் பயன்படுத்தினால் எதையும் இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸ் கணினிகளில் நிர்மலா இருக்கிறது. இரண்டும் தெளிவானவை, ஆனால் எல்லாத் தளமும் ஒரே சாயலில் தெரியும். அடுத்து, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவை. கட்டமரானில் ஒன்பது தடிமன்கள் இருக்கின்றன. மிக மெல்லியது படத்தில் பார்க்க நளினம், கட்டுரைக்கு வைத்தால் சுழிகள் மறைந்து ஆத்தாவின் ‘மணல்’ மறுபடி ‘மனல்’ ஆகிவிடும். முக்த மலர் சிறிய அளவிலும் சுழிகளைத் திறந்து காட்டுகிறது. எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். மூன்றாவது, மீரா இனிமை. இது கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்ட தமிழ் எழுத்துரு, அவர்களுடைய மீரா என்ற மலையாள எழுத்துருவின் உடன்பிறப்பு. மலையாளமும் தமிழும் அடுத்தடுத்து வரும் எங்கள் பக்கத்தில் இவை இரண்டும் ஒரே கையால் எழுதியதுபோல் அமைந்தன. இதில் ஒரே தடிமன்தான் உண்டு. தடித்த எழுத்து கேட்டால் உலாவியே பொய்யாகத் தடிக்கவைக்கும், புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தலைப்பைத் தடிக்காமல் அளவில் பெரிதாக்கினோம். கட்டுரைக்குக் கைபேசியில் இருக்கும் எழுத்துரு, தலைப்புக்கு மீரா இனிமை என்று முடிவு.

எழுத்துருவைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தவை அளவும் இடைவெளியும். பல வார்ப்புருக்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பதினான்கு, பதினாறு பிக்சல் என்று வைத்திருக்கின்றன. தமிழுக்கு அது போதாது. ‘ண’, ‘ஞ’, ‘ணை’ எல்லாம் ஒரே இடத்துக்குள் நிறையக் கோடுகளை அடக்கிக்கொண்டிருப்பவை. நாங்கள் இருபதுக்குப் போனோம். வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் ‘ழூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்கின்றன. எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு அலங்கரிக்கும் வழக்கம் ஆங்கிலத் தலைப்புகளில் உண்டு. தமிழில் அதைச் செய்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நிற்கலாம். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழ் அச்சுக்கு அது பழக்கமில்லை, மேற்கோளுக்கு ஒரு சிறு உள்தள்ளல் போதும்.

இருபுறமும் ஒழுங்காக வெட்டியதுபோல் வரிகளை நேராக்குவதா, இடப்பக்கம் மட்டும் நேராக்குவதா என்பதில் எங்களுக்குள் கடும் வாதம். புத்தகம் அப்படித்தானே இருக்கிறது என்றார் நூலகர். புத்தகத்தில் வரி நீளம், இடைவெளி பங்கிட இடம் இருக்கிறது. கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் வரும். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ என்று ஒரு சொல் வந்தால் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, முந்தைய வரியில் இருக்கும் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். காட்டிய பிறகு அவரே இடப்பக்கம் போதும் என்றார்.

அமைப்பில், பக்கப் பட்டைகளை எடுத்துவிட்டோம். கைபேசியில் அவை எப்படியும் கட்டுரைக்கு அடியில் போய்த்தான் விழுகின்றன, அல்லது கட்டுரையை நசுக்குகின்றன. பட்டைகள் முற்றிலும் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். பெரிய திரையில் நாள்தோறும் செய்தி தரும் தளத்துக்கு அவை வேண்டும்.

முகப்பில் எதை வைப்பது என்பது இதைவிடக் கடினமான முடிவு. புதியது மேலே, பழையது கீழே என்பது வலைப்பதிவின் பிறவிக் குணம். அன்றாடம் எழுதுபவருக்கு அது பொருத்தம். எங்கள் கதைகளுக்குப் புதியது பழையது என்று இல்லை. சென்ற ஆண்டு பதிந்த வெள்ளக்கதை இந்த வாரப் பதிவைவிட எந்த விதத்திலும் பழையதாகிவிடவில்லை, ஆனால் பத்துப் பதிவுக்குப் பின்னால் போனதை யாரும் தேடிப் போவதில்லை. அதனால் முகப்பை ஓர் உள்ளடக்கப் பக்கமாக மாற்றினோம். ஊர்ப்பெயர்களே வாசல்: எருத்தேன்பதி, வடகரைப்பதி, வேலந்தாவளம், முதலமடை. ஊரைத் தொட்டால் அந்த ஊர்க் கதைகள் வரும். பிளாகரின் குறிச்சொற்களை வைத்தே இதைச் செய்துவிடலாம். புதிய பதிவு ஒன்று மட்டும் மேலே நிற்கும். இங்கே வருபவர்கள் முதலில் தேடுவது தங்கள் ஊரை என்பதை வாட்ஸ்அப் குழுவில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு என்ன செய்வது? முழுக் கட்டுரையையும் மலையாளத்தில் மொழிபெயர்க்கலாம்; வேலை இரட்டிப்பு, மூன்றாவது பதிவிலேயே சோர்ந்துவிடுவோம். தமிழையே மலையாள எழுத்தில் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. படித்துப் பார்த்தால் இரு மொழிக்காரருக்கும் வாயில் கல் கடித்தது. கடைசியில் ஒலியைத் தேர்ந்தோம். கதை சொன்னவரின் குரலே கட்டுரையின் தலையில் இருக்கும், அதன் கீழே நான்கு வரி மலையாளச் சுருக்கம், பிறகு தமிழ்க் கட்டுரை. பிளாகரில் ஒலிக்கோப்பை நேரடியாக வைக்க முடியாது; இணைய ஆவணகத்தில் ஏற்றி இங்கே இணைக்கிறோம். பேச்சுக்கு ஒற்றைத்தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் தரம் தாராளம், நிமிடத்துக்கு அரை மெகாபைட்டுக்கும் குறைவாகத்தான் வரும். பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டு பேர் எங்களிடம் வந்து தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அதை எந்த வார்ப்புருவும் எங்களுக்குத் தந்திருக்காது.

நிறமும் படமும் சுருக்கமாக. வெள்ளையில் கருமை, இணைப்புகளுக்கு மட்டும் அடர்ந்த நீலம். வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகம் என்று பலர் வைக்கிறார்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. திண்ணை வெயிலில் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். படத்துக்குக் கைபேசி கொடுக்கும் நான்கு மெகாபைட் கோப்பை அப்படியே ஏற்றக் கூடாது. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் இருநூறு கிலோபைட் அளவில் நிற்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பதிவுக்கு ஒரு படம், அதுவும் கதையில் வரும் இடத்தின் படம்.

எல்லாம் மாற்றிய பிறகு, அடுத்த மாதம் ஆத்தாவின் கையில் அதே கட்டுரையைக் கொடுத்தோம். திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தார். மணலில் நிற்கவில்லை. பாதிக்கு மேல் போய், ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “ஏற்றம் என்று எழுதியிருக்கிறாயே, சாமி. எங்கள் தோட்டத்தில் ஏற்றம் எங்கே இருந்தது? கவலைதான். இரண்டு எருது பூட்டி, தோல் பறியில் இழுத்தது.” ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கவலை என்றுதான் சொல்லியிருந்தார். எழுதியவர் அதை மனக்கவலை என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் இறைத்ததற்கு ஏற்றம் என்று தாமாகப் போட்டிருக்கிறார். அன்றே திருத்தி, கட்டுரையின் அடியில் திருத்திய தேதியையும் திருத்தியவர் யார் என்பதையும் எழுதினோம். இப்போது ஒவ்வொரு பதிவின் அடியிலும் அதற்கென்று ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம்.